சிவகங்கை வெயிலில் பயிற்சி... பனிமலையில் காவல்!

அக்னி நட்சத்திர வெயிலில் காரைக்குடிக்காரர்கள் வளவு நிழலுக்குள் ஒதுங்கும் நேரம். சிவகங்கையை அடுத்த இலுப்பைக்குடியிலோ இளைஞர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி. அங்கிருப்பது இந்திய-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம். 1962 சீனப் போரின் நடுவே உருவான படை இது. காரகோரம் கணவாயிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை 3,488 கி.மீ. இமயமலை எல்லையைக் காக்கிறது.

அந்தக் கணவாய்க்கு மேற்கே இருக்கிறது சியாச்சின். அங்கே காவல் ராணுவத்தின் பொறுப்பு. துருவங்களை விட்டால் உலகின் மிக நீளமான பனியாறுகளில் ஒன்று. சுமார் 75 கி.மீ. குளிர் மைனஸ் 50 டிகிரி வரை போகும். வீடில்லை, மரமில்லை. பிறகு எதற்குச் சண்டை?

எல்லாம் அரைகுறையாக எழுதிய ஒரு வாக்கியத்தால் வந்த வினை. 1949-ல் கராச்சி ஒப்பந்தம் போட்டபோது, போர்நிறுத்தக் கோட்டை என்ஜே 9842 என்ற புள்ளியோடு நிறுத்தி, ‘அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை’ என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பனியில் எவன் போய் நிற்கப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள் போல!

போனார்கள். 1970-களில் வெளிநாட்டு மலையேறிகள் பாகிஸ்தானிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஏறினார்கள். விஷயம் தெரிந்ததும் 1978-ல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் இந்தியக் குழு ஏறியது. பிறகு, லண்டன் நிறுவனம் ஒன்றிடம் பாகிஸ்தான் பனி உடைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இந்தியாவுக்கு உடை விற்றதும் அதே நிறுவனம்தான். செய்தி அப்படித்தான் கசிந்தது என்பார்கள். 1984 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று, பிலாஃபோண்ட் லா கணவாயில் ஹெலிகாப்டரில் போய் இறங்கியது இந்திய ராணுவம். ‘ஆபரேஷன் மேகதூத்’ தொடங்கியது.

மேட்டில் நிற்பவனுக்குத்தான் பள்ளம் தெரியும். சியாச்சினுக்கு மேற்கே பாகிஸ்தான் வசமுள்ள பகுதி. வடக்கே 1963-ல் பாகிஸ்தான் சீனாவுக்குக் கொடுத்த ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே ஆப்பு மாதிரி நிற்கிறது சியாச்சின்.

துருவத்திலும் இப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் ஸ்வால்பார்ட், கிரீன்லாந்து பனியில் ஜெர்மனி ரகசிய வானிலை நிலையங்கள் வைத்தது. ஐரோப்பாவின் நாளைய வானிலை அங்கே முன்கூட்டியே தெரியும். விமானத்துக்கும் கப்பலுக்கும் அது உயிர்நாடி. ஸ்வால்பார்டில் இருந்த ஒரு குழு, ஜெர்மனி தோற்று நான்கு மாதம் கழித்து, 1945 செப்டம்பரில்தான் சரணடைந்தது.

சியாச்சினில் 2003 நவம்பர் முதல் போர்நிறுத்தம். அதற்கு முன்பும்கூட குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3-ல், 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் முகாமைப் பனிச்சரிவு மூடியது. புதைந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்கள். அதில் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள் 4 பேர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர் கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா ஒருவர்தான். நாடே பிரார்த்தித்தது. பிப்ரவரி 11-ல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார்.