குறைமாதக் குழந்தையின் கண்கள்

குறைமாதத்திற் பிறந்த சிசுவின் கண்கள் முற்றுப்பெறாதவை. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் அதன் விளிம்பை எட்டப் பத்து மாதமும் வேண்டும். 1940-களில் இச்சிசுக்களைப் பெட்டிகளில் வைத்து ஒட்சிசனைத் தாராளமாக அளித்தனர். உயிர் பிழைத்தவருள் ஆயிரக்கணக்கானோர் பார்வையிழந்தனர். ஒட்சிசனைச் சிக்கனமாகக் கொடுத்த மருத்துவமனையில் இவ்விழப்புக் குறைந்திருந்ததை 1951-இல் மெல்போர்ண் நகரத்துக் கேற் காம்பெல் என்னும் பெண் வைத்தியர் எடுத்துக்காட்டினார். மிகையான ஒட்சிசன் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பின்னர் அவை தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையைப் பெயர்த்துவிடுகின்றன.

இன்று ஒட்சிசனை அளந்தே கொடுக்கின்றனர். எனினும் அபாயம் முற்றாக நீங்கவில்லை. வைத்தியர் குறித்த நாளிற் கண் பரிசோதனை நடந்தேயாக வேண்டும். 'பிள்ளை விளக்கைப் பார்க்கிறதே, பிறகென்ன?' என்றிருந்துவிடும் தாய்மாருக்கே இதைச் சொல்கிறோம். நோய் வெளியே தெரியாது. காலத்திற் கண்டால் லேசர் ஒளியால் தடுக்கலாம்.

இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தை தாய்முகத்தைக் கண்ணாற் பின்தொடரச் சற்றுத் தாமதித்தாற் கலங்கவேண்டாம். பிறந்த நாளிலிருந்தன்று, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்தே வயதைக் கணக்கிடுக.