ஓட்டுநருக்கான கட்டுச்சோறு

கட்டுச்சோறு என்பது வழியில் உண்பதற்காக வீட்டிலிருந்து கட்டி எடுத்துச் செல்லும் உணவு ஆகும். கட்டுசாதம், கட்டமுது, பொதிசோறு என்றும் இதைச் சொல்வர். லாரி, பேருந்து, வேன், வாடகைக் கார் ஓட்டும் கணவருக்கு விடியற்காலையில் எழுந்து சோறு கட்டித் தருவது தமிழ்நாட்டில் பல வீடுகளில் அன்றாட வேலை. இந்த உணவு மூன்று சோதனைகளில் தேற வேண்டும். உண்ணும் நேரம் வரை கெடக் கூடாது. உண்டபின் ஓட்டுநருக்குத் தூக்கம் வரக் கூடாது. ஆண்டுக்கணக்கில் உண்டாலும் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் வளர்க்கக் கூடாது. முதல் சோதனைக்கு நம் முன்னோர் விடை கண்டுவிட்டனர். மற்ற இரண்டும் உட்கார்ந்தபடி உழைக்கும் தொழிலோடு வந்தவை. அவற்றுக்கு நாம்தான் விடை காண வேண்டும்.

பெயரும் பழமையும்

வழிநடைக்கான உணவை 'ஆற்றுணா' என்று பழந்தமிழ் கூறும். ஆறு என்றால் வழி. உணா என்றால் உணவு. இச்சொல் பழமொழி நானூற்றில் இடம்பெற்றுள்ளது. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துவந்த திருநாவுக்கரசர் பசியாலும் தாகத்தாலும் களைத்தபோது, சிவபெருமான் அந்தணர் வடிவில் வந்து பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. திருமணங்களில் பெண் வீட்டார் சம்பந்தி வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் கட்டுசாதக் கூடையும் இதே மரபைச் சேர்ந்தது. இவை எல்லாம் நடந்தோ மாட்டு வண்டியிலோ பயணம் செய்த காலத்து வழக்கங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ரெட்டிபாளையம் வட்டாரமும் வண்டித் தொழிலும்

ரெட்டிபாளையம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டம் பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்திருப்பதால் இங்கு சிமெண்ட் ஆலைகள் பல உள்ளன. ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக் ஆலை இயங்குகிறது. ராம்கோ, டால்மியா, செட்டிநாடு ஆலைகளும் அரசின் டான்செம் ஆலையும் இவ்வட்டாரத்தில் உள்ளன. சுரங்கத்திலிருந்து கல் ஏற்றி வரும் டிப்பர், மூட்டை ஏற்றிச் செல்லும் லாரி, தூள் சிமெண்ட் கொண்டு செல்லும் பல்க்கர் என்று ஓட்டுநர் வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு ஏராளம்.

இந்த மூன்று ஓட்டுநர்களின் நாளும் ஒன்றுபோல் இராது. டிப்பர் ஓட்டுபவர் குறைந்த தூரத்தையே பல நடை ஓட்டுவார். மூட்டை லாரி ஓட்டுபவர் லோடு ஏற்றுவதற்கு வரிசையில் காத்திருந்து, பின் சென்னைக்கோ கேரளத்துக்கோ புறப்படுவார். ஆகவே காலை 5 மணிக்குக் கட்டிய சோற்றை 9 மணிக்கு உண்பாரா, பிற்பகல் 3 மணிக்கு உண்பாரா என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. கட்டுச்சோற்றைத் திட்டமிடும்போது கணக்கில் கொள்ள வேண்டிய முதல் செய்தி இது.

உணவு ஏன் கெடுகிறது?

சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் இருக்கும்போது கிருமிகள் விரைவாகப் பெருகும். சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் வெளியில் இருப்பதைவிட மிக அதிகமாகும். சித்திரை வெயிலில் 50 டிகிரியைத் தொடுவதும் உண்டு.

சோற்றில் தனியான ஓர் ஆபத்தும் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை வெளியிடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோற்றில் நாற்றமோ நூலோ தென்படவில்லை என்பதால் மட்டும் அது நல்ல சோறு ஆகிவிடாது. வீட்டில் வாந்தி எடுத்தால் படுத்துக் கொள்ளலாம். நெடுஞ்சாலையில் 25 டன் பாரத்தோடு போகும்போது அது உயிர் ஆபத்து.

கெடாமல் காக்கும் நான்கு வழிகள்

வண்டியில் குளிர்பெட்டி இல்லாதபோது உணவைக் காக்க நான்கு வழிகள் உண்டு.

1. புளிப்பு: அமிலம் மிகுந்தால் கிருமி வளர்வது கடினம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சோறு ஆகியவை தாங்குவதற்கு இதுவே காரணம். புளியில் டார்டாரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. புளிக்காய்ச்சலில் சேரும் உப்பும் நீர் வற்றக் காய்ச்சுவதும் இதற்குத் துணை செய்கின்றன.

2. உலர்வு: ஈரம் இல்லாத பண்டம் எளிதில் கெடாது. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, இட்லிப் பொடி, பருப்புப் பொடி ஆகியவை இவ்வகை.

3. முழுமை: நறுக்காத காயும் கனியும் தம் தோலாலேயே காக்கப்படுகின்றன. வெள்ளரிப்பிஞ்சு, கேரட், கொய்யா, வாழைப்பழம், நெல்லிக்காய் ஆகியவற்றைக் கழுவித் துடைத்து முழுதாகக் கொடுத்தனுப்பலாம்.

4. சூடு: 60 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் கிருமி பெருகாது. சாம்பார், ரசம், கூழ் முதலியவற்றை நல்ல பிளாஸ்கில் ஊற்றலாம். முதலில் பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் உணவை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் விரைவில் ஆறிவிடும்.

இந்த நான்கிலும் சேராதவற்றை முதல் நிறுத்தத்திலேயே உண்டுவிட வேண்டும். அவித்த முட்டை, சுண்டல், பொரியல், பருப்புச் சாதம் ஆகியவை காலை உணவோடு முடிய வேண்டியவை. தேங்காய்ச் சட்னியும் தேங்காய் தூவிய பொரியலும் கட்டுச்சோற்றுக்கு ஆகா. இட்லி மாவு புளித்தது என்பதால் இட்லி சற்றுத் தாங்கும். சட்னிக்குப் பதில் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொடுப்பது நம் வழக்கம். அதையும் நண்பகலுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நடந்தவர் சோறும் உட்கார்ந்தவர் சோறும்

பழைய கட்டுச்சோறு பெரும்பாலும் சோறும் எண்ணெயும் உப்பும்தான். நாளெல்லாம் நடந்தவருக்கும் வண்டி மாட்டோடு உழைத்தவருக்கும் அது தகுந்த உணவு. உண்ட சோற்றை அவர் உடல் செலவழித்தது. வியர்வையில் உப்பும் போயிற்று. லாரி ஓட்டுபவருக்கும் களைப்பு உண்டு. ஆனால் அது கண்ணின் களைப்பு, கவனத்தின் களைப்பு, முதுகின் களைப்பு. அவருடைய கால் தசைகள் பல மணி நேரம் பெரிதாக வேலை செய்வதில்லை. அதே அளவு சோற்றை அவரும் உண்டால் அந்த மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். மிஞ்சியது கொழுப்பாகத் தங்கும்.

'நன்றாகச் சாப்பிட்டால்தானே தெம்பாக ஓட்டுவார்' என்று டப்பாவை அழுத்தி நிரப்புவது அன்பினால் செய்வது. ஆனால் மனித உடலுக்குப் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை இயல்பாகவே ஒரு மந்தம் உண்டு. நள்ளிரவு கடந்து விடியும் வரை அதைவிடப் பெரிய மந்தம் உண்டு. வயிறு நிறைய உண்டால் அந்த மந்தம் கூடும். தயிர்ச்சோறு தூக்கம் தரும் என்று பொதுவாகச் சொல்வர். தயிரைக் குறை கூறுவதைவிடச் சோற்றின் அளவையும் உண்ட நேரத்தையும் பார்ப்பதே சரி.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. உட்கார்ந்த வேலை, இரவு விழிப்பு, நேரந்தவறிய உணவு, வழியெங்கும் இனிப்புத் தேநீர் ஆகிய நான்கும் சேர்ந்த தொழில் ஓட்டுநர் தொழில்.

டப்பாவின் கணக்கு

ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், ஒரு நாளின் ஆற்றலில் 45 விழுக்காட்டுக்கு மேல் அரிசி, கோதுமை, சிறுதானியங்களிலிருந்து வரலாகாது என்கின்றன. வீட்டில் தராசு தேவையில்லை. டப்பாவின் இடத்தை நான்காகப் பிரித்துக் கொண்டால் போதும். ஒரு பங்கு சோறு அல்லது இட்லி, ஒரு பங்கு பருப்பு அல்லது கடலை வகை, இரண்டு பங்கு காயும் கனியும். வழக்கமான டப்பாவில் சோறு மூன்று பங்கு இருக்கும். அதை ஒரே நாளில் குறைத்தால் ஓட்டுநர் பசியோடு வழிக்கடையில் பரோட்டா தேடுவார். வாரத்துக்கு ஒரு கைப்பிடி சோறு குறைத்து, அந்த இடத்தில் கடலையும் காயும் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

சிறுதானியம் என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று எண்ணக் கூடாது. நம் பகுதியில் விளையும் வரகில் செய்த புளியோதரையிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி. நார்ச்சத்து மிகுதி என்பது அதன் நன்மை. அளவு அதற்கும் உண்டு.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புளியோதரை, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் ஒரே டப்பாவில் வைத்தால் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். புளியோதரை இருக்கும் நாளில் ஊறுகாயைத் தவிர்த்து, வறுத்த வேர்க்கடலையும் வெள்ளரிப்பிஞ்சும் வைக்கலாம்.

பயணத்துக்கு ஏற்பக் கட்டுதல்

அருகில் நடை அடிக்கும் டிப்பர் ஓட்டுநர்: காலைக்கு 3 இட்லியும் பிளாஸ்கில் சூடான சாம்பாரும் ஒரு முட்டையும். நண்பகலுக்கு ஒரு கிண்ணம் எலுமிச்சைச் சாதம், வேர்க்கடலை, கேரட், கொய்யா.

லோடுக்குக் காத்திருந்து நெடுந்தூரம் போகும் ஓட்டுநர்: இரண்டு சிறிய டப்பா. ஒன்றில் காலை உணவு. மற்றதில் சற்றுத் தாமதமானாலும் தாங்கக்கூடிய புளியோதரை. அதில் வறுத்த கடலையைத் தாராளமாகச் சேர்க்கலாம். பையில் பொட்டுக்கடலையும் பழமும் தனியாக.

இரவு ஓட்டம்: புறப்படும் முன் வீட்டில் அளவான உணவு. வழியில் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி கடலை அல்லது ஒரு பழம். நள்ளிரவுக்கு மேல் கனத்த சாப்பாடு வேண்டாம். தூக்கம் வந்தால் எந்த உணவும் தேநீரும் தூக்கத்துக்கு ஈடாகாது; வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி உறங்குவதே வழி.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்வதற்குள் அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று வகுத்தது. அந்த அரைமணியை ஓட்டுநர் உண்ணவும் பத்து நிமிடம் நடக்கவும் பயன்படுத்தலாம். ஓட்டியபடியே ஒரு கையால் உண்பது கூடாது.

பாத்திரமும் பொதியும்

எவர்சில்வர் டப்பா எல்லாவற்றுக்கும் ஏற்றது. புளி சேர்ந்த உணவை அலுமினியப் பாத்திரத்திலோ அலுமினியத் தாளிலோ நெடுநேரம் வைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைக்கும். வாட்டிய வாழை இலை நல்ல பொதி. செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எச்சரித்துள்ளது. அச்சு மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் உள்ளன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது.

வடித்த சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, விரைவாக ஆறவைத்து, பிறகே புளிக்காய்ச்சல் கலந்து மூட வேண்டும். ஆவியோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும். அந்த ஈரத்தில் சோறு விரைவில் கெடும். டப்பாவை எஞ்சின் மேட்டின் மீதோ வெயில் படும் முன்கண்ணாடி ஓரத்திலோ வைக்காமல், இருக்கைக்குப் பின்னால் நிழலில் ஈரத்துணி சுற்றி வைக்கச் சொல்ல வேண்டும்.

தண்ணீர்

வண்டியை அடிக்கடி நிறுத்த முடியாது என்பதால் பல ஓட்டுநர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கின்றனர். சிறுநீர்க் கல்லுக்கும் தலைவலிக்கும் கவனக் குறைவுக்கும் இது வழி செய்யும். இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரும், காலையில் குடிக்க உப்புக் குறைந்த நீர்மோரும் கொடுத்தனுப்பலாம். கடைத் தேநீரில் சர்க்கரை குறைக்கச் சொல்லிப் பழகுவது டப்பாவில் செய்யும் மாற்றத்துக்கு இணையான பயன் தரும்.

சர்க்கரை நோய் உள்ள ஓட்டுநர்

இன்சுலின் போடுபவருக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவருக்கும் உணவு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 3 தேக்கரண்டி, உண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்கள் வண்டி எடுக்கும் முன்பும் ஓட்டும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தாழ்ந்து சரியான பின்னும் 45 நிமிடம் கழித்தே ஓட்டலாம்.

எனவே இவர்களுடைய டப்பாவோடு குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் பிஸ்கட்டோ கடலையோ கட்டாயம் இருக்க வேண்டும். சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தளவைப் பற்றிக் கேட்க வேண்டும். சோதனை செய்து கொள்ளாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கின்றனர். அவர்கள் வரும் வேளையில் ஓட்டுநர் வீட்டில் இருப்பது அரிது. ஆகவே ஓய்வு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்வதும் இந்தப் பணியின் ஒரு பகுதியே.

கட்டித் தருபவரின் வேலை

கட்டுச்சோறு கட்டுபவர் ஓட்டுநருக்கு முன்பே எழுகிறார். பலர் அதன்பின் தாமும் வேலைக்குச் செல்கின்றனர். வேலையைக் குறைக்கப் புளிக்காய்ச்சலை 10 நாளுக்கு ஒரு முறை காய்ச்சி, ஈரம் படாத பாட்டிலில் வைக்கலாம். வேர்க்கடலையை வாரத்துக்கு ஒரு முறை வறுத்து வைக்கலாம். காய்களை முதல் நாள் இரவே கழுவித் துடைத்து வைக்கலாம். அப்படிச் செய்தால் விடியற்காலையில் சோறு வடிப்பதும் கலப்பதும் மட்டுமே மிஞ்சும்.

டப்பா திரும்பி வரும்போது அதைத் திறந்து பார்ப்பதும் அவசியம். எது மீந்தது, எத்தனை மணிக்கு உண்டார், உண்டபின் கண் சொக்கியதா என்று கேட்டறிந்தால் மறுநாளைய அளவு தெரிந்துவிடும். டப்பாவை ஓட்டுநரே வழியில் கழுவிக் கொண்டு வருவது நல்ல பழக்கம். புளிப்பு ஏறிய பாத்திரம் நாறாமல் இருக்கும். மறுநாள் காலையில் வீட்டில் ஒரு வேலையும் குறையும்.