படுவான்கரை வேளாண்மை

மண்முனைத்துறையில் நிற்கிறீர்கள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. கிழக்கே, கடலோரமாகச் சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. மட்டக்களப்பின் பெரிய நெல்வெளிகள் படுவான்கரையில்தான் உள்ளன.

பெருநிலம் வைத்திருந்தவர் போடியார். அவர் வயலில் நின்று வேலை பார்த்தவர் முல்லைக்காரர். வயல்வெளிக்கு நீர் முறை பார்த்தவர் வட்டைவிதானை. வடகீழ்ப் பருவமழையோடு மாரிப்போகம் தொடங்கும். கதிர் முற்றும் நாளில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக வாடியிலும் பரணிலும் இரவு கழியும்.

வயலில் நிற்கும் நெற்பயிரையே இங்கு 'வேளாண்மை' என்பர். அறுத்து வைத்த கதிர்கள் உப்பட்டி. உப்பட்டிகளைச் சேர்த்துக் குவித்தால் சூடு. மாடுகளை வளைத்து ஓட்டி மிதிக்கவைத்து நெல்லைப் பிரிப்பது சூடடித்தல். களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்வதில்லை. 'பொலி' என்றே சொல்வர். இன்று அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் வெட்டி, அடித்து, மூட்டைக்குத் தந்துவிடுகிறது.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, ஆட்களும் வாகனங்களும் இத்துறையைக் கடந்தது 'பாதை' என்று ஊரார் அழைக்கும் மிதவையில்தான்.