உஷார்! பெட்டியைப் பார்த்துப் பானை வாங்காதீர்கள்

இன்றிரவு ஏலம் முடியப்போகும் அந்த ஜப்பானியத் தேநீர்க் கிண்ணத்துக்கு விலை கேட்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். விற்பவர் போட்டிருக்கும் படங்களில் கிண்ணம் அதிகம் தெரிகிறதா, அதன் மரப்பெட்டியா? பெட்டிதான் என்றால், உஷார்!

ஜப்பானில் பெயர் பெற்ற குயவர்கள் தங்கள் படைப்பைப் பாலோனியா மரப்பெட்டியில் வைத்துத் தருவார்கள். மூடியில் பொருளின் பெயரைத் தூரிகையால் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்துவார்கள். இதற்குத் தோமோபாகோ என்று பெயர். பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. மோசடி நுழையும் வாசல் இதுதான். பானை உடையும், பெட்டி உடையாது. உடைந்த பானையின் பெட்டி காலியாகக் கைமாறும். அதற்குள் அளவு பொருந்துகிற வேறொரு பானை குடியேறும். பட்டுப்புடவைக் கடைப் பையில் நூல் புடவையை வைத்துக் கொடுப்பது போன்ற வேலை.

மாஷிகோ ஊரின் ஹமாதா ஷோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று அறிவிக்கப்பட்ட முதல் குயவர்களில் ஒருவர். அவர் தம் பானைகளில் பெரும்பாலும் பெயர் பொறித்ததில்லை. கையெழுத்து பெட்டியில்தான் இருக்கும். அவருடைய பட்டறையில் மற்றவர்கள் வனைந்தவையும் அதே மண், அதே மெருகுதான். ஆக, பெயரில்லாப் பட்டறைக் கிண்ணம் ஒன்று ஹமாதாவின் காலிப் பெட்டிக்குள் புகுந்துவிட்டால், படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

பெயரும் ஏமாற்றும். ஹாகி ஊரின் மிவா குயவர் குடும்பத்தில் கியூசெட்ஸு என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பட்டம். பத்தாமவரும் பதினோராமவரும் அண்ணன் தம்பி. இருவருமே ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று அறிவிக்கப்பட்டவர்கள். அடுத்தடுத்த தலைமுறையினரும் அதே பெயரை ஏற்றார்கள். ‘கியூசெட்ஸு’ என்று மட்டும் சொல்லிவிட்டு எத்தனையாமவர் என்று சொல்லாத விற்பனையாளர், ஒன்று அறியாதவர் அல்லது மறைப்பவர்.

“நிபுணர் பார்த்துச் சொல்லிவிட்டார்” என்று ஆறுதல் அடைகிறீர்களா? அதற்கும் ஒரு கதை உண்டு. எய்னின் 2, அதாவது 1294 என்று ஆண்டு பொறித்த செதோ ஊரின் பழைய ஜாடி ஒன்றை ஜப்பானிய அரசு 1959-இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதை முன்மொழிந்தவர் பழஞ்சூளைகளைப் பற்றி அந்நாட்டில் அதிகம் அறிந்தவர்களுள் ஒருவரான கோயாமா ஃபுஜியோ. மறு ஆண்டே குட்டு உடைந்தது: ஜாடி, உயிரோடு இருந்த கதோ தோகுரோ என்ற செதோ குயவரின் வேலை. எக்ஸ்-கதிர்ச் சோதனையிலும் மெருகின் சேர்மானம் அந்தக் காலத்தோடு ஒத்துவரவில்லை. 1961-இல் அறிவிப்பு ரத்தானது. கோயாமா தம் அரசுப் பதவியிலிருந்து விலகினார். இதில் வேடிக்கை, 1954-இல் கதோ தொகுத்த மண்பாண்ட அகராதியிலேயே அந்த ஜாடி பழம்பொருளாக இடம்பெற்றிருந்தது! ஜாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கே இந்தக் கதி. நாமோ கைபேசித் திரையில் பார்த்து வாங்குகிறோம்.

அடுத்த பொறி, பழுது. தங்கப் பூச்சோடு ஒட்டினால் அது வெளிப்படையாகத் தெரியும், அதில் பயமில்லை. பயம், பானையின் நிறத்துக்கே தீட்டி மறைத்த ஒட்டில்தான். மெருகு பூசாத பிசென் ஊர்ப் பாண்டத்தில் இதைச் செய்வது இன்னும் சுலபம். புற ஊதா விளக்கைக் காட்டினால் பல ஒட்டுகள் வேறு நிறத்தில் தெரியும். ஷிகாரகி ஊர்ப் பாண்டத்தில் வேறொரு தந்திரம்: மண்ணிலுள்ள கல் சூளையில் வெடித்து வரும் பிளவை அங்கே அழகென்று ரசிப்பார்கள். அதைச் சாக்காக்கி, நேற்று விழுந்த விரிசலையும் ‘சூளையின் விளையாட்டு’ என்று விற்கலாம். விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். சூளையில் பிளந்தது என்றால் உள்ளேயும் தீ பட்ட நிறமோ உருகிய சாம்பலோ இருக்கும். பின்னர் உடைந்தது கூர்மையாக, தீயின் நிறம் ஏறாமல் நிற்கும்.

‘உட்சுஷி’ என்று விவரத்தில் இருந்தால் அது பழைய வடிவத்தைப் பின்பற்றிச் செய்தது. அதில் குற்றமில்லை, மரபே அப்படித்தான் வளர்கிறது. ஆனால் அசலின் விலை கேட்டால் குற்றம். விவரத்தின் கடைசி வரியையும் படியுங்கள். ‘நோ கிளைம், நோ ரிட்டர்ன்’ என்றிருந்தால் பணம் திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு என் யோசனை: மறைந்த மேதைகளை விட்டுவிடுங்கள். இன்று சூளை வைத்திருப்பவர்களிடமோ, அவர்களுக்குக் கண்காட்சி நடத்தும் காட்சிக்கூடங்களிடமோ நேரடியாக வாங்குங்கள். பிசெனிலும் ஷிகாரகியிலும் மரபில் ஊறிய நல்ல இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையால் எழுதித் தரும் பெட்டியில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏலத்தில்தான் வாங்குவேன் என்றால், பானையின் அடிப்பாகம், முத்திரை, உட்புறம், பெட்டிக்குள் பானை அமர்ந்திருக்கும் நிலை, நான்குக்கும் தெளிவான படம் கேளுங்கள். தர மறுத்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.