மலையும் கடலும் சந்தித்த மேடு

விருதுநகர் மாவட்டத்துக்காரரிடம் "உங்க ஊர் ஆறு எது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வைகை என்பார்கள், இல்லையென்றால் தாமிரபரணி என்பார்கள். வைப்பாறு பலருக்கு நினைவுக்கே வராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தண்ணீர் ஓடும். மாசி பிறந்தால் மணலும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். ஆனால் தமிழ்நாட்டின் பழமையான வாழ்விடங்களில் ஒன்று இந்த ஆற்றங்கரையில்தான் மண்ணுக்குள் இருந்து வெளிப்பட்டிருக்கிறது. வன்னியம்பட்டியில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பானிபட் போரையும் பிளாசிப் போரையும் படிக்கும் எங்கள் பிள்ளைகள் வைப்பாற்றையும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஆறு வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். சிவகிரியில் தொடங்கி வத்திராயிருப்பு வரை அந்த மலையில் இருந்து இறங்கும் ஓடைகள்தான் வைப்பாற்றுக்குத் தாய். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆறும், வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளுக்கு வரும் பெரியாறும் கோவிலாறும் அப்படி இறங்குகிறவைதான். இவை கண்மாய்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, ஒன்றோடொன்று கூடும். வடக்கே இருந்து வரும் அர்ச்சுனா நதி, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் பக்கத்தில் வைப்பாற்றோடு கலக்கிறது. பிறகு விளாத்திகுளம் தாண்டி, வைப்பாறு என்றே பெயர் கொண்ட கிராமத்தின் அருகே மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. தொடக்கத்தில் யானைக் காடு, முடிவில் சங்கு விளையும் கடல், இரண்டுக்கும் நடுவே கரிசல் பூமி. இந்த ஆற்றின் வரலாறு முழுவதும் இந்த அமைப்பில் இருந்தே வருகிறது.

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில், விஜயகரிசல்குளத்தில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. ஊர்க்காரர்கள் மேட்டுக்காடு என்பார்கள். ஏர் ஓட்டும்போது பானை ஓடும் பாசிமணியும் அங்கே கிளம்பிக்கொண்டே இருந்தன. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அங்கே அகழாய்வு தொடங்கியது. முதல் கட்டத்தில் தோண்டியது 16 குழிகள். அவற்றில் இருந்து 3,254 பொருட்கள் வெளிவந்தன. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும், 2024 ஜூனில் மூன்றாம் கட்டமும் தொடங்கின. இரும்பு தெரியாத காலத்து மனிதன் செதுக்கிய நுண்கற்கருவிகளும், பின்னாளில் வந்த சுடுமண் பொம்மைகளும், தக்களிகளும், பிள்ளைகள் ஆடிய வட்டச் சில்லுகளும், கண்ணாடி மணிகளும், தங்க மணிகளும் ஒரே மேட்டில் கிடைத்தன.

கண்டெடுத்தவற்றை விஜயகரிசல்குளத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். தங்கத்தைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. நான் அதிக நேரம் நின்றது உடைந்த சங்கு வளையல்களுக்கு முன்னால். முழு வளையல்களைவிடப் பாதியில் நின்றுபோனவைதான் நிறையப் பேசுகின்றன. சங்கு வளையல் செய்வது லேசான வேலை இல்லை. முதலில் சங்கைத் தட்டி உடைத்து நடுத்தண்டை எடுக்க வேண்டும். பிறகு குறுக்கே வாள் போட்டு வளையம் வளையமாக அறுக்க வேண்டும். உள்பக்கத்துச் சொரசொரப்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். கோடும் பூவும் கீறுவது அதற்கும் பிறகுதான். எந்தக் கட்டத்திலும் விரிசல் விடலாம். விட்டால் அதுவரை பட்ட பாடு வீண். அப்படி வீணானவற்றையும் அறுத்து மிஞ்சிய துண்டுகளையும் அங்கேயே போட்டிருக்கிறார்கள். அவை அந்த மேட்டில் வளையல் பட்டறை நடந்ததற்குச் சாட்சி. கடலில் எடுத்த சங்கு உள்நாட்டுக்கு வந்து, இங்கே ஒரு கைவினைஞரின் வாளுக்கு அடியில் வளையலாகி இருக்கிறது.

அதே மேட்டில் யானைத் தந்தத்தில் செய்த அணிகலனும் கிடைத்தது. யானை இன்றைக்கும் எங்களுக்கு மேற்கே மலையில் திரிகிற விலங்குதான். இன்னொரு பொருள் என்னை வியக்க வைத்தது. திமில் உள்ள காளை ஒன்று பாயும் நிலையில் செதுக்கப்பட்ட சிறிய சூதுபவளக் கல். இந்தக் கல்லுக்குப் பேர்போனது குஜராத் பக்கம். கையகலம்கூட இல்லாத கல்லில் காளையின் திமிரையும் பாய்ச்சலையும் கொண்டுவந்த கலைஞன் யாரோ, அதை அணிந்தவர் யாரோ. ஆனால் கடலும் மலையும் வட நாட்டு வணிகமும் இந்தக் கரிசல் மேட்டில் வந்து கூடியதைச் சங்கும் தந்தமும் அந்தக் கல்லும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

கல்லைச் செதுக்குகிற கை அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்தில் ஓயவில்லை. திருவில்லிபுத்தூருக்கு வடக்கே மூவரைவென்றானில் முற்காலப் பாண்டியர் பாறையைக் குடைந்து சிவன் கோயில் எழுப்பினார்கள். தெற்கே கழுகுமலையில், மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறங்கிய வெட்டுவான் கோயில், முடியாத நிலையிலும் பார்ப்பவரை நிறுத்திவைக்கிறது. பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் வந்ததுதான் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த திருவில்லிபுத்தூரின் 192 அடி ராஜகோபுரம். தெளிவான நாளில் எங்கள் வயல்காட்டில் நின்றே அதைப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் அடித்தளம் தண்ணீர். தண்ணீருக்கு அடித்தளம் காடு. மேற்கு மலைக் காட்டில் 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்துத் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த இது, தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. புலி, யானை, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி எல்லாம் இங்கே வாழ்கின்றன.

எனக்குப் பிடித்தது அந்த அணில்தான். வீட்டு முற்றத்து அணில்பிள்ளைக்குப் பெரியப்பா மாதிரி, வாலோடு சேர்த்து இரண்டடிக்கு மேல் இருக்கும். முதுகில் நரை ஓடியிருக்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. செண்பகத்தோப்புப் பக்கம் ஓடைக்கரையில் நிமிர்ந்து பார்த்தால், கிளை நுனியில் குச்சியும் இலையும் சேர்த்துக் கட்டிய உருண்டைக் கூடு தெரியும். நுனியில் கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆபத்து வந்தால் பக்கத்து மரத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடலாம். ஓடைக்கரையில் மரங்கள் கிளை கோத்து நிற்பதால் அதற்கு அந்த இடம்தான் பிடிக்கும். மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் புளியமரங்களுக்கும் இறங்கி வரும். சப்பட்டை மாங்காய் பிஞ்சு விடுகிற காலத்தில் அதைத் தோப்புகளில் பார்க்கலாம்.

எங்கள் தோப்பைக் காவல் காக்கும் பெரியவர் ஒருநாள் சொன்னார்: "வாத்தியாரய்யா, நடுவுல ரெண்டு மரத்த வெட்டிப்புட்டா அது தரையில இறங்கித்தான் அந்தப் பக்கம் போகணும். இறங்குச்சுன்னா நாய் விடாது." காட்டுயிர் ஆய்வாளர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதுவதும் இதைத்தான். மர உச்சிகளின் தொடர்ச்சி அறுந்தால் அணிலின் நடமாட்டமும் அறுந்துவிடும். ஓடைக்கரை மரங்கள் போனால் கரை அரிக்கும், மண் வந்து கண்மாயை மேடாக்கும். அணிலுக்குக் கேடு செய்யும் கோடாரி கடைசியில் சம்சாரியின் வயலுக்கும் கேடு செய்கிறது.

ஆற்றில் நாம் செய்ததும் குறைவில்லை. சாத்தூர் வெள்ளரிக்காய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆற்று மணலை லாரி லாரியாக இழந்தோம். மலையில் இருந்து கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாய்களைப் பல இடங்களில் அடைத்துக் கட்டடம் கட்டினோம். சீமைக்கருவேலத்தை ஆற்றுக்குள் வளர விட்டோம். பிறகு, மழை பெய்தும் கண்மாய் நிரம்பவில்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

என் வேண்டுகோள் இதுதான். மேட்டுக்காட்டில் கிடைத்தவற்றுக்கு அந்த ஆற்றங்கரையிலேயே நிலையான அருங்காட்சியகம் வேண்டும். சங்கு எந்தக் கடலில் இருந்து வந்தது, யானை எந்த மலையில் நடக்கிறது என்று அங்கே நின்று கை நீட்டிக் காட்ட முடியும். சென்னையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது முடியாது. ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை விஜயகரிசல்குளத்துக்கும் செண்பகத்தோப்புக்கும் சேர்த்தே அழைத்துப் போக வேண்டும். கால்வாய் தூர்வாரும் வேலை மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் முடிய வேண்டும். பள்ளத்தாக்கு என்பது மலை முதல் கடல் வரை ஒரே உடம்பு என்று புரிந்துகொண்ட பிள்ளை, நாளை வார்டு உறுப்பினரானாலும் ஆட்சியரானாலும் ஓடைக்கு நடுவே கட்டடம் கட்ட அனுமதி கொடுக்காது.