பிரிந்து ஏறினாலும் சேர்ந்து இறங்கலாம்
குலதெய்வ யாத்திரைக்கு ரயில் முன்பதிவு

பங்குனி உத்திரம் நெருங்கும்போது, நெல்லைச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த முறையாவது எல்லோரும் ஒன்றாகச் சாஸ்தா கோயிலுக்குப் போய்வர வேண்டும்" என்பதே அது. காரையாறு சொரிமுத்து அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் என்று அவரவர் குலம் காக்கும் சாஸ்தாவின் சந்நிதியில், பிழைப்புக்காகப் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்ற கிளைகள் அன்று ஒன்றுகூடுகின்றன. வயது முதிர்ந்தோர்க்கு அது வெறும் தரிசனம் அன்று. பிள்ளைகளையும் பேரக் குழந்தைகளையும் குலதெய்வத்தின் முன் நிறுத்திக் காட்டும் கடமை.

அந்தக் கடமைக்கு முதற்படி ரயில் முன்பதிவு. குடும்பத்தினர் வெவ்வேறு நிலையங்களில் ஏற வேண்டியிருந்தால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எழுபது வயதைக் கடந்த தம்பதியர் தாம்பரத்தில் இருக்கிறார்கள். மகள், மருமகன், பேத்தி மூவரும் விழுப்புரத்தில் ஏறுவார்கள். இளைய மகனும் மருமகளும் திருச்சியில் ஏறுவார்கள். ஆக மொத்தம் எழுவர். சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெல்லை எக்ஸ்பிரஸில் அருகருகே படுக்கை வேண்டும் என்பது அவர்களின் விருப்பம்.

ஒரே டிக்கெட் ஏன் கூடாது?

"ஒரே டிக்கெட்டில் எல்லோர் பெயரையும் போட்டுவிட்டால் சேர்ந்தே இடம் கிடைக்கும், மற்றவர்கள் வழியில் ஏறிக்கொள்வார்கள்" என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒரு பி.என்.ஆர். எண்ணில் ஆறு பேருக்கு மேல் பதிவு செய்ய இயலாது. அதைவிட முக்கியமானது, ஒரு பி.என்.ஆருக்கு ஏறும் நிலையம் ஒன்றுதான். அதில் உள்ள அனைவருக்கும் அதுவே பொருந்தும். குறித்த நிலையத்தில் ஏறாதவரை வராதவராகப் பரிசோதகர் குறித்துக்கொண்டு, அந்தப் படுக்கையை ஆர்.ஏ.சி. பயணிக்கு அளித்துவிடலாம். உத்திரக் கூட்டத்தில் அதற்குக் காத்திருப்போர் பலர். இரவு வேளையில் குழந்தையுடன் விழுப்புரத்தில் ஏறும் மகள், தன் படுக்கையில் வேறொருவர் உறங்குவதைக் காண நேரிடும். அப்போது வாதாடிப் பயனில்லை.

ஆகவே ஏறும் நிலையத்துக்கு ஒன்றாக மூன்று டிக்கெட்டுகள் எடுப்பதே முறை.

அருகருகே அமைய என்ன வழி?

மூன்று டிக்கெட்டுகளையும் எழும்பூரிலிருந்து திருநெல்வேலி வரை என்றே எடுத்து, ஏறும் நிலையத்தை மட்டும் முறையே தாம்பரம், விழுப்புரம், திருச்சி என்று பதிவின்போதே குறிப்பிடலாம். இடைநிலையங்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருந்தால், அங்கிருந்து எடுக்கும் டிக்கெட் வேறு பெட்டிக்குப் போய்விடக் கூடும். புறப்படும் நிலையத்திலிருந்து எடுத்தால் அந்த வேறுபாடு எழாது. கட்டணம் சற்றுக் கூடும். பயணம் செய்யாத தூரத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 60 நாள்கள். பயண நாள் இதில் சேராது. முதல் நாள் காலை 8 மணிக்கே மூன்று டிக்கெட்டுகளையும் அடுத்தடுத்து எடுத்துவிடுவது நல்லது. முதல் டிக்கெட்டில் பெட்டி எண் தெரிந்ததும், இணையப் பதிவில் உள்ள விருப்பப் பெட்டி என்னும் இடத்தில் அதே எண்ணைக் குறிப்பிடலாம். இடமிருந்தால் கிடைக்கும்; உறுதி கிடையாது.

திருச்சிக்காரர்கள் ஒன்றை மறக்கலாகாது. இந்த ரயில் அங்கு நள்ளிரவைக் கடந்தே வருகிறது. திருச்சியிலிருந்து தனியே டிக்கெட் எடுப்பதாயின் மறுநாள் தேதியில் எடுக்க வேண்டும். இதில் தவறினால், ஒரே குடும்பம் இருவேறு நாள்களின் ரயிலில் பயணம் செய்யும்படி ஆகிவிடும்.

ஏறும் நிலையத்தைப் பின்னர் மாற்ற வேண்டுமானால், பயணிகள் பட்டியல் தயாராகும் முன் ஒரே ஒரு முறை மாற்றலாம். மாற்றிய பின் பழைய நிலையத்தில் ஏறும் உரிமை இல்லை.

பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை

ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி., இரண்டடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஒரு டிக்கெட்டில் இத்தகையோர் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது பொருந்தும். பாசத்தினால் பேத்தியையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டை இழக்க நேரும். எனவே தம்பதியரின் டிக்கெட்டை முதலில் எடுத்து, மற்றவர்களுக்கு அதே பெட்டியைக் கேட்பதே சரியான வரிசை.

அறையாக வேண்டுவோர்

கதவடைத்துக்கொள்ளும் அறை வேண்டுவோர்க்கு முதல் வகுப்பு ஏ.சி. உண்டு. இருவர்க்கான கூபே, நால்வர்க்கான கேபின் என இரு வகை அதில் உள்ளன. பதிவு செய்யும்போது அறை எண் தெரியாது. பட்டியல் தயாராகும்போதுதான் ஒதுக்கப்படும். வெவ்வேறு டிக்கெட்டுகளில் இருப்போர் ஒரே குடும்பத்தினர் என்பதைக் கணினி அறியாது. பக்கத்து அறைகள் வேண்டுமெனில், எல்லா பி.என்.ஆர். எண்களையும் குறிப்பிட்டு, ரயில் புறப்படும் நிலையத்தின் முன்பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் வேண்டுகோள் கொடுக்கலாம். அதுவும் வேண்டுகோளே, உரிமை அன்று.

எது முதன்மை?

இத்தனைக்குப் பிறகும் படுக்கைகள் சிதறி அமையக் கூடும். அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்குக் கீழ்ப் படுக்கை முதல் தேவை. அவர் இருக்கும் பெட்டியிலேயே துணைக்கு ஒருவர் இருப்பது அடுத்த தேவை. ஏழு பேரும் ஒரே இடத்தில் இருப்பது அதற்குப் பின்னரே வரும் ஆசை. இரவு பத்து மணிக்கு மேல் உறங்கப்போகும் ரயிலில் சேர்ந்திருக்கும் நேரம் சிறிது. திருச்சியில் ஏறும் மகன், உறங்கும் பெற்றோரை எழுப்பாமல் தன் படுக்கைக்குச் சென்றாலே போதும்.

விடிந்தபின் திருநெல்வேலிச் சந்திப்பில் எழுவரும் ஒரே நடைமேடையில் இறங்குவார்கள். அதன்பின் பொங்கல் பானை ஒன்று, அடுப்பு ஒன்று, சந்நிதி ஒன்று. அங்கே அனைவரும் சேர்ந்து நின்றால் பெரியவர்களின் மனம் நிறையும். குலம் காக்கும் சாஸ்தா எல்லோருக்கும் வழித்துணையாய் நிற்பாராக!