லெகோ மலையில் ஏறும் பழனி விஞ்ச்

பேப்பரில் இழுவை ரயில் என்று எழுதுகிறார்கள். திண்டுக்கல் பக்கம் நாங்கள் எல்லோரும் ‘விஞ்ச்’ என்றுதான் சொல்வோம். பழனி மலையில் முதல் தடம் 1966-ல் வந்தது. 1982-ல் இரண்டாவது, 1988-ல் மூன்றாவது. 2004-ல் ரோப்கார் வந்த பிறகும், தண்டவாளத்தில் மெதுவாக ஏறும் அந்தப் பெட்டியின் மேல்தான் எனக்குப் பிரியம். பல வருஷம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தியவன் நான். பட்டறையை மூடியபின் பேரனோடு உட்கார்ந்து அதை லெகோ கட்டைகளில் கட்டினேன்.

இப்படிக் கட்ட நினைப்பவர்கள் முதலில் பெட்டியைச் செய்யத் தொடங்குவார்கள். சரிவில்தான் தொடங்க வேண்டும். லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். துளையுள்ள நீளச் சட்டங்களிலும் அதே கணக்கு. ஆகவே முழு எண்ணில் அமையும் செங்கோண முக்கோணம் கிடைத்தால்தான் சரிவுச் சட்டம் இரு முனையிலும் துளைக்குத் துளை பொருந்தும். 3-4-5 வைத்தால் 37 டிகிரி, பார்க்கவே செங்குத்து. 5-12-13 வைத்தால் ஏறக்குறைய 23, மலையாகத் தெரியவில்லை. 8-15-17 வைத்தபோது 28 டிகிரி வந்தது. அதுதான் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் கையில் வந்து உட்கார்ந்ததில் பேரனைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

இந்தச் சரிவில் வண்டி தன் சக்கர பலத்தில் ஏறாது. ஊட்டி ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறுவதற்கே, கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பற்சட்டம் வேண்டியிருக்கிறது. நம்முடையது 15-க்கு 8. பெட்டியின் எடையில் ஏறக்குறைய பாதி எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அத்தனையையும் வடம் தாங்க வேண்டும். மேலே ஓர் உருளை, அதைச் சுற்ற மோட்டார், இரண்டுக்கும் நடுவே 24 பல் சக்கரத்தோடு திருகு வடிவில் ஒரு வார்ம் கியர் வைத்தேன். மோட்டார் 24 சுற்று சுற்றினால் உருளை ஒரு சுற்று. மோட்டார் நின்றாலும் பெட்டி வழுக்காது, ஏனென்றால் சக்கரம் திரும்பி வார்மைச் சுற்ற முடியாது. வடத்துக்கு மெழுகு தடவிய நூல். அது தரையில் உரசாமலிருக்க தண்டவாளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன உருளைகள் உண்டு. பெட்டியின் உட்தளம் படிப்படியாக இருக்க வேண்டும், அப்போதுதான் லெகோ பொம்மைகள் நிமிர்ந்து உட்காரும்.

பக்கத்திலேயே இன்னொரு தடமும் கட்டினோம். ஒரே வடத்தின் இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்க, மற்றது ஏறும். இதைப் பேரனுக்குப் புரியவைக்க, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையைத்தான் சொன்னேன். எங்கள் தாத்தா காலத்தில் மாடுகள் சரிவில் இறங்கித்தான் சால் நிறையத் தண்ணீரை மேலே இழுக்கும். ஓட்டுபவரும் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையைச் சேர்ப்பார்.

சுவிட்சர்லாந்தில் கீஸ்பாக் என்ற இடத்தில் 1879-ல் ஓடத் தொடங்கிய வடரயிலில் மாடுகளின் வேலையைத் தண்ணீர் செய்தது. மேல்பெட்டியின் தொட்டியை நிரப்பினால் போதும், அந்தக் கனம் கீழ்ப்பெட்டியை ஏற்றிவிடும். ஒற்றைத் தடத்தில் இரண்டு பெட்டிகளும் மோதாமல் விலக நடுவில் மட்டும் தடம் இரண்டாகப் பிரியும். அதை வகுத்தவர் கார்ல் ரோமன் ஆப்ட். ஊட்டி ரயிலின் பற்சட்ட முறையும் அவருடையதுதான்!

பிற்பாடு செம்மையான அவருடைய முறையில், பெட்டியின் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இரு புறமும் விளிம்பு உண்டு; அவை தங்கள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். உட்பக்கச் சக்கரங்கள் விளிம்பில்லாமல் அகலமாக இருக்கும். அதனால் ஒரு பெட்டி எப்போதும் வலப்பக்கம், மற்றது எப்போதும் இடப்பக்கம் போகும். அசையும் பாகம் ஒன்றுகூடத் தடத்தில் இல்லை. இதைவிட அழகான யோசனையை இயந்திரங்களில் நான் கண்டதில்லை.

லெகோ விலை அதிகம்தான். வாங்க முடியாதவர்கள் தயங்க வேண்டாம். அட்டைச் சரிவு, தீப்பெட்டி, நூல்கண்டு போதும். வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு விஞ்ச் கட்டிப் பாருங்கள். அடுத்த முறை பழனிக்குப் போகும்போது பெட்டிக்கு அடியில் ஓடும் வடத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.